உலக வங்கியின் விட்ஸ்: வரிச் சண்டைக்கு எண்களோடு போக விரும்புகிறவர்களுக்கு

தடையற்ற வணிகம் நல்லதா, இறக்குமதிக்கு வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காப்பது நல்லதா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் நான் உட்கார்ந்துவிடுவேன். பல வருஷப் பழக்கம் இது. ஒரு காலத்தில் வரி என்றாலே தப்பு என்று வாதாடினேன், அப்புறம் தொழிற்சாலை மூடிய ஊர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்த உறுதி தளர்ந்தது, இப்போது இரண்டு பக்கத்தாரிடமும் எனக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது: எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டில், எத்தனை சதவீதம்? பெரும்பாலும் பதில் வராது. எனக்கே பதில் தெரியாமல்தான் பாதி வாதங்களைச் செய்திருக்கிறேன்.

அந்தக் குறையைத் தீர்த்தது உலக வங்கி நடத்தும் விட்ஸ் என்ற இணையச் சேவை. ஒரு வருஷத்துக்கு மேல் புழங்கிய பிறகு எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைகிறது என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வெறும் சாஃப்ட்வேர் குறை இல்லை, விவாதத்தின் நடுநரம்பைத் தொடுகிற விஷயம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் வணிகப் புள்ளிவிவரக் களஞ்சியமான காம்ட்ரேட், ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட்டின் டிரெய்ன்ஸ் வரித் தொகுப்பு, உலக வணிக அமைப்பிடம் நாடுகள் கொடுத்த வரி அட்டவணைகள், இவை எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கேட்டு எடுக்க வழி செய்திருக்கிறார்கள். நாடுவாரியான சுருக்கப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாமே கேள்வி அமைத்து டேட்டா எடுக்கவும், வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் மிரள வைப்பது எச்.எஸ். கோடு. உலகத்தில் எல்லைகளைக் கடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண் உண்டு, உலக சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது, 1988 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, சில வருஷங்களுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். முதல் நான்கு இலக்கம் பொருளின் இனத்தைச் சொல்லும்: 0901 என்றால் காபி. 8703 என்றால் பயணிகள் கார். 8704 என்றால் சரக்கு வண்டி. ஆறு இலக்கத்துக்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு எட்டு, பத்து என்று நீட்டிக்கொள்ளும். இது ஏதோ குமாஸ்தா வேலை மாதிரி தெரியும். ஆனால் வரி அரசியல் பெரும்பாலும் நடப்பது இந்த இலக்கங்களுக்குள்ளேதான் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

சரக்கு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் இறக்குமதிக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. அமெரிக்கா பதிலடியாக மாவுப்பொருள், டெக்ஸ்டிரின், பிராந்தி, இலகு ரகச் சரக்கு வண்டி ஆகியவற்றுக்கு 25 சதவீத வரி போட்டது. 1964-இல் அமலுக்கு வந்தது. கோழிச் சண்டை என்றைக்கோ ஆறிப்போனது, மற்றப் பொருள்கள் பட்டியலிலிருந்து போயின, வண்டி மட்டும் 25-இலேயே நின்றுவிட்டது. அதே அட்டவணையில் பயணிகள் காருக்கு அடிப்படை வரி 2.5. பத்து மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசத்தில் நுழைவதற்காக, துருக்கியில் செய்த சரக்கு வேன்களைப் பின்சீட்டோடு பயணிகள் வண்டியாகக் கொண்டுவந்து இறக்கி, எல்லை தாண்டியதும் சீட்டுகளைக் கழற்றிய விவகாரம் ஃபோர்டு நிறுவனத்தின் மேல் வழக்காகி, 2024-இல் 36.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். 'அமெரிக்கா திறந்த சந்தை' என்று சொல்பவரிடமும் 'அமெரிக்கா எப்போதும் தன் தொழிலைக் காத்தது' என்று சொல்பவரிடமும் இந்த இரண்டு வரிசைகளைக் காட்டலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, எந்தக் கோடு என்பதைப் பொறுத்து.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது செருப்பு, ஷூ அத்தியாயம். 64-ஆம் அத்தியாயம். அமெரிக்க அட்டவணையில் தோல் ஷூவுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வரி இருக்கும்போது, ரப்பர், பிளாஸ்டிக் ஷூ வகைகள் சிலவற்றில் ஜோடி 3 டாலருக்கு மேற்படாத சுங்க மதிப்புள்ளதற்கு 48 சதவீதம், 3-லிருந்து 6.50 டாலர் வரை உள்ளதற்கு ஜோடிக்கு 90 சென்டும் அதோடு சேர்த்து 37.5 சதவீதமும், 12 டாலருக்கு மேல் போனால் 20 சதவீதம். மலிவாக வாங்குகிறவர் கூடுதல் சதவீதம் கட்டுகிறார். யாராவது நாடாளுமன்றத்தில் எழுந்து 'ஏழைகளின் காலணிக்குக் கூடுதல் வரி போடுவோம்' என்று பேசியிருக்க முடியுமா? முடியாது. எட்டாவது இலக்கத்தில் எழுதிவிட்டால் யாரும் பேசத் தேவையில்லை. காப்பு வரியை ஆதரிக்கும் நண்பர்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது நான்கு விதமான விகிதம். ஒரே பொருளுக்கு ஒரே நாட்டில் நான்கு எண் வரும், குழம்பிவிடக் கூடாது. உலக வணிக அமைப்பிடம் 'இதற்கு மேல் போகமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்த உச்ச வரம்பு ஒன்று. பாகுபாடு இல்லாமல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போடும் எம்.எஃப்.என். விகிதம் ஒன்று. ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடுகளுக்கான சலுகை விகிதம் ஒன்று. சலுகை இருந்தால் அது, இல்லையென்றால் எம்.எஃப்.என். என்று உண்மையில் பொருந்தும் விகிதம் கடைசி. செய்திகளில் வரும் சண்டை பெரும்பாலும் இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றோடு ஒப்பிடுவதில் வருகிறது. இந்தியாவின் உச்ச வரம்புச் சராசரி 50 சதவீதத்தை ஒட்டி, உண்மையில் போடுவதன் சராசரி அதில் பாதிக்கும் கீழே. வாக்குக்கும் நடப்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சும்மா இருக்கிற இடம் இல்லை. நாளைக்கு ஒரு அரசு யாரிடமும் கேட்காமல், எந்த விதியையும் மீறாமல், வரியை அந்த அளவு ஏற்றிக்கொள்ளலாம். முதலீடு செய்கிறவருக்கு இன்றைய வரியைவிட இந்த இடைவெளிதான் பயம்.

சராசரி விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன், மற்றவர்களும் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சாதாரண சராசரி, இறக்குமதி அளவால் எடையிட்ட சராசரி என்று இரண்டு கிடைக்கும். எடையிட்டதுதான் நியாயமானது என்று நினைத்து அதை வைத்தே ஒரு நாடு மிகவும் திறந்த நாடு என்று ஒரு நீண்ட வாதத்தில் அடித்துப் பேசிவிட்டேன். அப்புறம் யோசித்தால், ஒரு பொருளுக்கு 200 சதவீதம் வரி போட்டு இறக்குமதியே வராமல் அடைத்துவிட்டால் அந்தப் பொருளின் எடை பூஜ்யம். அதாவது கதவை முழுதாகச் சாத்தினால் சராசரி இறங்குகிறது. மறுநாள் போய் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். இப்போதெல்லாம் இரண்டு சராசரியையும் எடுத்து, கூடவே மிக உயர்ந்த வரி உள்ள பொருள்களைத் தனியாகப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஒரே சரக்கை அது பதப்பட பதப்படத் தொடர்ந்து பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எம்.எஃப்.என். வரிசையில் வறுக்காத காபிக்கொட்டைக்கு வரி இல்லை. வறுத்துவிட்டால் 7.5 சதவீதம். கோகோ கொட்டைக்கு வரி இல்லை, அரைத்துக் கூழாக்கினால் 9.6. 'கொட்டையை அனுப்பு, அரைவையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? சரி, இதிலும் அவசரப்படக் கூடாது. சலுகை விகிதத்தையும் திறந்து பார்த்தால், கானா, ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகள் ஒப்பந்தம் மூலம் வரியில்லாமல் உள்ளே போகின்றன. ஒப்பந்தமோ வேறு சலுகையோ இல்லாத நாட்டுக்குத்தான் முழு அடி. சலுகை என்பது கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. பணக்கார நாடுகள் தடையற்ற வணிகம் பேசும்போது நான் இப்போது முதலில் திறப்பது இந்த இரண்டு அத்தியாயங்களை.

இனி அந்தக் குறைந்த ஒரு மார்க்.

விட்ஸுக்குள்ளே ஸ்மார்ட் என்று ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. நாடு, பொருள், வருஷம் தேர்ந்தெடுத்து, வரியை இத்தனைக்கு இறக்கினால் என்று கொடுத்தால், இறக்குமதி எவ்வளவு கூடும், அதில் புதிதாக உருவாகும் வணிகம் எவ்வளவு, வேறு நாட்டிடமிருந்து திசைமாறி வரும் வணிகம் எவ்வளவு, அரசுக்கு வரி வருமானம் எவ்வளவு குறையும், நலன் எவ்வளவு கூடும் என்று பிரித்துக் கொடுத்துவிடும். உருவாக்கம், திசைமாற்றம் என்ற அந்தப் பிரிப்பு 1950-இல் பொருளியலாளர் ஜேக்கப் வைனர் சொன்னது. சலுகை ஒப்பந்தம் போட்டால் மலிவாகத் தரும் நாட்டை விட்டு, வரிச்சலுகை இருக்கிற ஒரே காரணத்துக்காக விலை கூடிய நாட்டிடம் வாங்க ஆரம்பித்துவிடுவோம், அது நஷ்டம் என்றார். ஒப்பந்தம் என்றாலே தடையற்ற வணிகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பொறி அந்த இரண்டாவது எண்ணைத் தனியாகக் காட்டியது பெரிய பாடம். இந்த அளவுக்கு ஒரு கருவியைப் பொதுமக்கள் கையில் கொடுத்திருப்பதே பெரிய விஷயம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பொறியின் உள்ளே முன்கூட்டியே வைத்திருக்கும் எண்களைப் பாருங்கள். ஏற்றுமதி செய்பவரின் அளிப்பு நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் அவர் அனுப்பும் அளவு எவ்வளவு மாறும் என்ற இடத்தில் 99 இருக்கும். எல்லையில்லாதது என்று அர்த்தம். அதாவது நாம் வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் வெளிநாட்டுக்காரர் தன் விலையை ஒரு காசு மாற்றமாட்டார், முழுப் பாரமும் வாங்குகிறவர் தலையில். 'வரியை வெளிநாட்டுக்காரன்தான் கட்டுகிறான்' என்ற வாதத்துக்கு இந்தப் பொறியில் இடமே இல்லை, கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் எழுதியாகிவிட்டது. பல நேரங்களில் அது நியாயமான அனுமானம்தான். 2018, 2019-இல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய முழு வரியும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் கொடுத்த விலையில் சேர்ந்ததைக் கண்டார்கள். இருந்தாலும் அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய நாடுதான் ஒரு பொருளை அதிகமாக வாங்குகிறது என்றால் விற்பவர் கொஞ்சம் இறங்கி வரத்தான் செய்வார். அந்த 99-ஐ மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, மாற்றிப் பார்க்காமல் முடிவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. பொறி பார்ப்பது இறக்குமதிச் சந்தையை மட்டும். அதே பொருளை உள்நாட்டில் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் உற்பத்தி எவ்வளவு குறையும், எத்தனை பேர் வேலை போகும், போனவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குக் கட்டமே கிடையாது. ஆகவே வரியை இறக்கினால் நலன் கூடியதாகத்தான் காட்டும். காலமும் இல்லை. இன்று வரி, இன்று விளைவு, அவ்வளவுதான். 1791-இல் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் சொன்னதும் 1841-இல் ஜெர்மன் பொருளியலாளர் ஃபிரெட்ரிக் லிஸ்ட் சொன்னதும், இளந்தொழிலுக்குக் கொஞ்ச காலம் நிழல் கொடுத்தால் அது கற்றுக்கொண்டு நிற்கும் என்பது. கற்றுக்கொள்வதற்குக் காலம் வேண்டும். காலமே இல்லாத பொறியில் அந்த வாதத்தைப் போட்டுப் பார்க்க வழியில்லை. அவரவர் தமக்கு ஏற்றதைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று ஆங்கிலப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் போர்ச்சுகல் ஒயினையும் இங்கிலாந்துத் துணியையும் வைத்துச் சொன்ன கணக்கு இந்தத் திரையில் உயிரோடு இருக்கிறது, லிஸ்ட் இல்லை.

இதனால் லிஸ்ட் சொன்னது சரி என்று ஆகிவிடாது. நிஜ உலகத்தில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 1983-இல் அமெரிக்கா 700 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு வரியை 4.4-லிருந்து 49.4 சதவீதமாக ஏற்றியது, ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்ற. ஐந்து வருஷத்தில் படிப்படியாக இறக்குவது என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். ஜப்பானியக் கம்பெனிகள் எஞ்சினை 699 சி.சி.யாகச் சுருக்கி உள்ளே வந்தன, அது தனிக் கதை. 1987-இல் ஹார்லியே முன்வந்து, கெடு முடிவதற்கு முன்பே வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டது. முடிவு தேதியோடு வந்த வரி இது. அந்தக் கோழிச் சண்டை வரிக்கு முடிவு தேதி இல்லை, அறுபது வருஷம் தாண்டியும் நிற்கிறது. என் மட்டில், காப்பு வரியை ஆதரிக்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போது எடுப்பீர்கள் என்பது.

சலவை இயந்திரம் இன்னொரு வகை. 2018-இல் அமெரிக்கா, இறக்குமதி திடீரென்று பெருகும்போது போடும் பாதுகாப்பு வரியைப் போட்டது, முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50. சாம்சங் தென் கரோலினாவிலும் எல்.ஜி. டென்னசியிலும் தொழிற்சாலை வைத்தார்கள், அந்த முடிவுகளை வரி வருமுன்பே 2017-இல் அறிவித்திருந்தார்கள் என்றாலும். ஆனால் அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், உருவான வேலை சுமார் 1,800, ஒரு வேலைக்கு மக்கள் கொடுத்த விலை வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். ஒரு பொருளுக்கு வரி போட்டால் பக்கத்துப் பொருளின் விலையும் ஏறும் என்பதை ஸ்மார்ட்டால் காட்ட முடியாது, அது ஒரு சமயத்தில் ஒரு சந்தையைத்தான் பார்க்கும். எம்.எஃப்.என். எண்ணை மட்டும் பார்த்தால் இந்த 20-உம் 50-உம் இருந்ததே தெரியாது, அது வேறு வகை வரி.

மறுபக்கக் கணக்கையும் நேர்மையாக வைக்க வேண்டும். சீன இறக்குமதி பெருகியதால் 1999-க்கும் 2011-க்கும் இடையில் அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வரை வேலைகள் குறைந்ததாக மதிப்பிட்டவர்களும் பொருளியலாளர்கள்தான். வேலை போனவர்கள் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் நகர்ந்துவிடுவார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது, அவர்களில் பெரும்பாலோர் அப்படி நகரவில்லை. நுகர்வோரின் லாபம் கோடிக்கணக்கான பேருக்குச் சில காசுகளாகப் பிரிந்து போகிறது, நஷ்டம் ஒரு ஊரில் ஒரு தெருவில் குவிகிறது. இதைப் படித்த பிறகு 'மொத்தத்தில் லாபம்' என்று என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை. நலன் கூடியது என்று பச்சையாக ஒரு எண் திரையில் வரும்போதெல்லாம் அந்தத் தெரு இதில் எங்கே என்று தேடுகிறேன். அதனால்தான் ஒரு மார்க் குறைத்தேன். கருவியைச் செய்தவர்கள் இதை மறைக்கவில்லை, ஒரு சந்தையை மட்டும் பார்க்கும் கணக்கு என்று கையேட்டிலேயே இருக்கிறது. முடிவுத் திரையில் அதே பெரிய எழுத்தில் இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

டேட்டா புதுசா என்று கேட்பீர்கள். நாடுகள் எப்போது கொடுக்கின்றனவோ அப்போதுதான் வரும். சில நாடுகளுக்குக் கடைசி வருஷம் பல வருஷம் பின்னால் இருக்கும். 2025-இல் அமெரிக்க வரிகள் உத்தரவுக்கு மேல் உத்தரவாக மாறிய மாதிரி நேரத்தில், வருஷக் கணக்கில் ஓடும் தொகுப்பை வைத்து இன்றைய விகிதத்தைச் சொல்ல முடியாது, அந்தந்த நாட்டின் சுங்கத் துறை அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பி விலை பேசிவிடாதீர்கள்.

ஜோடிக்கு இத்தனை சென்ட், கிலோவுக்கு இத்தனை என்று அளவில் போடும் வரிகளைச் சதவீதமாக மாற்றித் தருகிறார்கள், அது மதிப்பீடுதான், பொருளின் விலை இறங்கினால் அந்தச் சதவீதம் ஏறும்.

முதல்முறை போகிறவர்கள் மொத்த நாட்டுச் சராசரியில் ஆரம்பிக்காதீர்கள், சலிப்புத் தட்டிவிடும். நீங்கள் நன்றாக அறிந்த ஒரே ஒரு பொருளை எடுங்கள், நீங்கள் செய்வதோ விற்பதோ தினமும் கையில் எடுப்பதோ ஏதோ ஒன்று. அதன் ஆறு இலக்க எண்ணைக் கண்டுபிடித்து, மூலப்பொருளிலிருந்து முடிந்த சரக்கு வரை ஐந்தாறு நாடுகளில் வரிசையாகப் பாருங்கள். அப்புறம் ஸ்மார்ட்டில் போட்டு, 99 இருக்கும் இடத்தில் ஒருமுறை 5 என்றும் ஒருமுறை 1 என்றும் கொடுத்து மூன்று முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று தாள்களோடு யாராவது விவாதத்துக்கு வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நான் உட்காரத் தயார்.